தற்காலிக நடன உயர் மையம்

மடிப்பக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, எதிலும் இடிக்காமல், ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

கேட்பதற்கு அற்பமாக இருக்கும். அவள் வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நடுவீட்டில் நின்று வலது கையை நீட்டினால் ஃப்ரிட்ஜ், இடது கையை நீட்டினால் மாமியார். வேலை பார்க்கும் இடத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே கை அவளுடையது அல்ல. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினான்கு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அந்த முனையில் ஒருத்தி, இந்த முனையில் இவள், நடுவே துணி. விரி, உதறு, சேர், மடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான்கு மூலையும் ஒன்றாக வரும். அதனால்தான் மடிப்பக்கா என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும், அங்கேயும் அது பென்சிலில்தான் இருந்தது. நிரந்தர ஊழியர்களின் பெயரை மையில் எழுதுவார்கள். அவள் தற்காலிக ஊழியர்.

நம் மொழியில் கை நீட்டுவது என்றால் ஒன்று யாசிப்பது, இல்லாவிட்டால் அடிப்பது. இரண்டும் இல்லாமல் சும்மா கை நீட்ட ஆசைப்பட்ட பாவத்துக்கு அவள் பட்ட பாடு இது.

ஆசை வந்த கதை பெரிதல்ல. ஒருநாள் மத்தியானம் துணி உலர்த்தும் இயந்திரம் மக்கர் செய்தது. வேலை நின்றது. யாரோ போனில் பாட்டு வைத்தார்கள். மடிப்பக்கா கையிலிருந்த விரிப்போடு ஒரு சுற்றுச் சுற்றினாள். பாதியில் தள்ளுவண்டி இடித்தது, மேற்பார்வையாளரும் வந்துவிட்டார். அந்த அரைச் சுற்று உடம்பிலேயே தங்கிவிட்டது. மீதி அரைச் சுற்று எங்கே, எங்கே என்று உடம்பு தினமும் கேட்கத் தொடங்கியது.

வீட்டில் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு உடனே புரிந்தது.

"அம்மா, இதுக்குப் பேரு கன்டெம்பரரி டான்ஸ். தற்கால நடனம். இதுதான் சரி, இது தப்புன்னு எதுவும் கெடயாது. கை நீட்டலாம், உருளலாம், சும்மாகூட நிக்கலாம்."

பஸ் ஓட்டும் கணவர் சிரித்தார். "உருளுறதுக்கெல்லாமா கிளாஸ் வச்சிருக்காங்க?"

"போயிட்டு வரட்டும்டா," என்றார் மாமியார். "அந்த நேரம் எனக்கும் கொஞ்சம் கால நீட்ட எடம் கெடைக்கும்."

மகள் போனில் தேடினாள். அந்த வட்டாரத்து வரைபடத்தில் அம்மை போட்டதுபோல் பதினொரு சிவப்புப் புள்ளிகள். மடிப்பக்காவுக்கு ஓய்வு புதன்கிழமை சாயங்காலம் மட்டும்தான். புதன்தோறும் ஒரு புள்ளியாகப் போய்ப் பார்த்தாள்.

முதல் புள்ளி டயர் கடை மாடியில் இருந்தது. "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டு, பெற்றோர் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். குழந்தை இல்லை, தான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இரண்டாவது புள்ளியில் ஆட்கள் இரும்பு தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் ஷட்டர் போட்டிருந்தது. நான்காவதில் நான்கு பக்கமும் கண்ணாடி. அங்கிருந்த பயிற்சியாளர் அவளை நான்கு கண்ணாடியிலும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூட்டுவலிக்காரங்களுக்குச் சனிக்கிழமை தனியா வச்சிருக்கோம்," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடங்கள்தான் ஆட வந்தவளைக் கோணல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

ஐந்தாவது புள்ளிக்குப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆளுயரத்துக்கு விளக்கு எழுத்துகள்: தற்காலிக நடன உயர் மையம்.

மூன்று முறை படித்தாள். அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. அடையாள அட்டையில், சம்பளச் சீட்டில் எல்லாம் இருப்பதுதான். 'தற்காலிக ஊழியர்கள் இங்கே அமர வேண்டாம்' என்று சாப்பாட்டு அறை மேசையிலும் ஒட்டியிருக்கிறது. ஒரு கட்டடத்தின் நெற்றியில் அதை விளக்குப் போட்டு எழுதியிருப்பதை அன்றுதான் பார்க்கிறாள். அட, நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு கட்டியிருக்காங்களே என்று நெஞ்சு நிறைந்துபோய் உள்ளே நுழைந்தாள்.

வரவேற்பு மேசைப் பெண் ஆறு பக்கப் படிவம் கொடுத்தாள். பெயர், வயது, தொழில் முதல் பக்கத்தோடு முடிந்தன. இரண்டாம் பக்கத்தில், 'உங்கள் உடல் உங்களை முதன்முதலில் ஏமாற்றிய நாள்?' என்று கேட்டிருந்தது. நான்காம் பக்கத்தில், 'புவியீர்ப்போடு உங்கள் உறவு: சுமுகம் / பிணக்கு / பேச்சுவார்த்தை நடக்கிறது.'

"இதுல எதம்மா போடணும்?"

மேசைப் பெண் தலை நிமிரவில்லை. "எல்லாரும் பிணக்குன்னுதான் போடுவாங்க. சுமுகம்னு போட்டா சேத்துக்க மாட்டாங்க."

"எத்தனை மணிக்கு ஆட விடுவாங்க?"

இப்போது நிமிர்ந்தாள். கேட்கக் கூடாத வார்த்தையைக் கேட்டுவிட்ட முகம். "மொதல்ல வரவேற்பு நிலை. அப்புறம் தயார் நிலை. அதுக்கப்புறம் உங்க தயார் நிலை தயாரா இருக்கான்னு ஒரு நேர்காணல். ஆடுறது பத்தி டைரக்டர்தான் சொல்லணும்."

இயக்குநரை அங்கே எல்லோரும் மறைவில் மூச்சுக்காரர் என்பார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் கண்ணை மூடி, நெஞ்சு விம்ம, ஒரு முழு மூச்சு எடுப்பார். எதிரே இருப்பவர் அதுவரை தன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மூச்சு. "இங்க நாங்க ஆடக் கத்துத் தர்றதில்லம்மா." மூச்சு. "ஆடணுங்கற ஆசைய எப்படி விடுறதுன்னு கத்துத் தர்றோம்."

மடிப்பக்காவுக்கு அது காதில் விழவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கூடம். தேன் நிறத்தில் மரத்தரை. தூண் இல்லை, மேசை இல்லை, நாற்காலி இல்லை. அவள் தன் கணக்கில் அளந்து பார்த்தாள். அறுபது படுக்கை விரிப்பை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்துப் போடலாம்.

"அங்கதானேங்க ஆடுவோம்?"

மூச்சுக்காரர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். "அந்தத் தரை நிரந்தரம்மா. நம்ம நடனம் தற்காலிகம். ரெண்டையும் கலக்கக் கூடாது."

வகுப்பு நடைவழியில் நடந்தது, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். முதல் புதன்கிழமைப் பாடத்தின் தலைப்பு 'கழற்றுதல்: ஓர் அறிமுகம்'. ஒரு மணி நேரம் செருப்பைக் கழற்றினார்கள். பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மாவுக்கு இடது செருப்பைக் கழற்றும்போது கண்ணீர் வந்துவிட்டது, அவருக்கு அன்றே ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்று, இதுவரை அதன்மேல் சாய்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டார்கள். நான்காவது வாரம் 'விழுதல்'. நடைவழியில் விழ இடமில்லாததால் விழுவது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

ஐந்தாவது வாரம் பலகையில் 'கை' என்று எழுதியிருந்தது. மடிப்பக்கா விரல்களைச் சொடுக்கித் தயாரானாள். அன்று மூச்சுக்காரரே நேரில் வந்தார்.

"கைய நீட்டாதீங்க," என்றார். மூச்சு. "நீட்டாத கைதான் அதிக தூரம் போகும்."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மடிப்பக்கா திருட்டுத்தனமாக நீட்டிப் பார்த்தாள். வலது பக்கம் செருப்பு அலமாரி, இடது பக்கம் பல் டாக்டர். வீட்டில் ஃப்ரிட்ஜாவது குளிர்ச்சியாக இருக்கும்.

பாடம் நடத்திய டீச்சர் ஒல்லியான பெண், நடக்கும்போதே ஆடத் தெரிந்தவள் என்று தெரியும். டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருநாள் மடிப்பக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அந்தத் தரையில ஆடியிருக்கியாம்மா?"

"வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஆடிக் காட்டினேன்க்கா. ரெண்டு வருஷமாச்சு." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இருபத்தொம்பது நாள்தான் வேல. முப்பதாவது நாள் விருந்தினர்னு எழுதிக்குவாங்க. மறுநாள் புதுசா சேத்துக்குவாங்க. உள்ள போனா அந்த மறுநாள் வராது."

"அப்போ அந்தக் கூடத்துக்குள்ள யாருதான் போவாங்க?"

டீச்சர் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். உள்ளே தரை துடைக்கும் பெரியவர் நீளமான துடைப்பானை அணைத்துப் பிடித்தபடி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தார். அந்தத் தரையில் கால் வைக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அந்த மையத்தில் ஆட்டம் என்று சொல்லத்தக்கதாக மடிப்பக்கா பார்த்தது அது ஒன்றைத்தான்.

ஏழாவது வாரம் வாசலில் ஏணி நின்றது. அங்கீகாரக் குழு வரப்போகிறது என்று போர்டு எழுத்துகளுக்கு விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார் போர்டுக்காரர்.

"அக்கா, ஏணிய ஒரு நிமிஷம் புடிச்சுக்கிறீங்களா? ஆடுது."

"இங்க ஆடுறது இது ஒண்ணுதான்," என்று பிடித்துக்கொண்டாள்.

போர்டுக்காரர் மேலே இருந்தபடியே சிரித்தார். "தப்பு என்மேலதான்க்கா. இந்த போர்டு செஞ்சது நான். இவங்க எழுதிக் குடுத்தது தற்கால நடனம்னு. நான் பாத்தேன். ஆயுசுக்கும் தற்காலிக அலுவலகம், தற்காலிகப் பாதை, தற்காலிகக் கழிப்பிடம்னுதான் எழுதியிருக்கேன். தற்காலன்னு யாரு எழுதச் சொல்லுவா? அவசரத்துல விட்டுப்போச்சு போலன்னு 'ல'வுக்கு மேல ஒரு சுழியப் போட்டு, பக்கத்துல ஒரு 'க'வையும் நானே சேத்துட்டேன். அதுக்குக் கூலிகூட வாங்கல."

"அவங்க திட்டலையா?"

"திட்டத்தான் கூப்பிட்டாங்க. அதுக்குள்ள யாரோ பெரிய மனுஷர் போர்டப் பாத்துட்டு, 'தற்காலிக நடனமா! என்ன சிந்தனை, என்ன சிந்தனை'ன்னு டைரக்டர் கையப் புடிச்சுக் குலுக்கிட்டாராம். அப்புறம் எப்படித் திட்டுவாரு? 'இத வெளிய சொல்லாத'ன்னு மட்டும் சொன்னாரு. நான் எங்க சொல்றேன்? ஏணிய புடிக்கிறவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

ஒரு விளக்கைத் திருகிவிட்டுக் கீழே பார்த்தார். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"முன்னாடியெல்லாம் உள்ளதான் ஆடிட்டு இருந்தாங்கக்கா. ஆறு டீச்சருங்க, எல்லாரும் நிரந்தரம். போர்டு மாட்டுனப்புறம் போர்டுக்குத் தகுந்தாப்பல எல்லாரையும் தற்காலிகம் ஆக்கிட்டாங்க. என்னோட ஒரு சுழி, ஒரு எழுத்து. ஆறு வீட்டு அடுப்புல கை வச்சிருச்சு."

அன்று வகுப்பு முடிந்ததும் மூச்சுக்காரர் மடிப்பக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். அவள் படிவம் அவர் மேசையில் விரிந்து கிடந்தது.

"தொழில் தற்காலிக ஊழியர். பதினாலு வருஷம்!" மூச்சு எடுக்கவே மறந்துவிட்டார். "ஏம்மா இத மொதல்லயே சொல்லல? நீங்க ஒரு பொக்கிஷம். குழு வர்ற அன்னைக்கு நீங்க கூடத்துக்குள்ள வரணும்."

கூடத்துக்குள்ளா? அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் அவளுக்கு ஏறவில்லை. வீட்டுக்கு வந்து உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அந்த நாள் வந்தது. அங்கீகாரக் குழுவில் மூன்று பேர், தலைவியம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். அவர்கள் பாதங்களுக்குத் துணிப்பை மாட்டினார்கள். உள்ளே போட்ட நாற்காலிகளின் நான்கு கால்களுக்கும் கம்பளிக் காலுறை. நாற்காலிகள் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தன. டீச்சர்களும் மாணவர்களும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். மடிப்பக்காவை மட்டும் உள்ளே விட்டார்கள், ஆனால் தரையில் அல்ல. கதவை ஒட்டி ஒரு ரப்பர் மிதியடி போட்டு, "இதவிட்டு எறங்கிடாதீங்க," என்று மேசைப் பெண் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

மூச்சுக்காரர் எழுந்தார். அன்றைய மூச்சு வழக்கத்தைவிட நீளம்.

"மதிப்புக்குரிய குழுவினரே! இந்த அம்மாவைப் பாருங்கள். பதினான்கு ஆண்டுகள்! இவருக்கு விடுப்பு இல்லை. ஓய்வூதியம் இல்லை. நாளை என்பதே இல்லை. நாமெல்லாம் பதவி, வீடு, காப்பீடு என்று எவ்வளவு பாரம் சுமக்கிறோம்! இவர் உடல் எவ்வளவு லேசாக இருக்கிறது! இந்த லேசைத்தான் எங்கள் ஆசிரியர்களுக்கும் நாங்கள் வழங்கியிருக்கிறோம். அவர்களில் சிலர் ஆரம்பத்தில் அழுதார்கள். அந்த அழுகையையும் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டோம்."

கண்ணாடிக்கு வெளியே டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவியம்மா கைக்குட்டையால் கண்ணோரத்தைத் தொட்டுக்கொண்டார். "மெய்சிலிர்க்கிறது. சொல்லுங்கம்மா, இந்த நிலையாமையை உங்க உடம்புல எங்க உணர்றீங்க?"

மடிப்பக்கா யோசித்தாள். "இடுப்புலங்க."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

"என்னத்தங்க சொல்றது? காய்ச்சல்னாலும் போயிருவோம். போகலன்னா பேர அழிச்சிருவாங்க. பென்சில்லதானே எழுதியிருக்கு. எதிர்ல நின்னு மடிச்சவ ஒருத்தி கால் வீங்கி நாலு நாள் வரல. அஞ்சாவது நாள் அவ எடத்துல வேற ஆளு நின்னுது."

"பென்சிலில் எழுதிய பெயர்," என்று தலைவியம்மா கண்ணை மூடி, மிட்டாயைச் சப்புவதுபோல் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அழகு! ஆண்டறிக்கைக்கு இதையே தலைப்பா வச்சுக்கலாமே."

எல்லோரும் கை தட்டினார்கள்.

மடிப்பக்கா அருவருப்பு அறியாதவள். ஆஸ்பத்திரி விரிப்புகளில் ரத்தம், சீழ், வாந்தி என்று மனித உடம்பு கொட்டக்கூடிய அத்தனையையும் பதினான்கு வருடம் பார்த்தவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்று அந்தக் கைதட்டலைக் கேட்டபோது சுளித்தாள். அந்த அழுக்கெல்லாம் வெந்நீரில் போட்டால் போய்விடும். இது எதில் போட்டாலும் போகாத அழுக்கு.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"தாராளமா."

"நீங்க எப்படிங்க? எங்கள மாதிரி தற்காலிகமா?"

மூச்சுக்காரர் பெருந்தன்மையோடு சிரித்தார். "நான் நிரந்தர இயக்குநர்மா. தற்காலிகத்தைக் காப்பாத்த ஒரு நிரந்தரம் வேணுமில்லையா?"

"நாங்களும் ஆயுள்கால உறுப்பினர்கள்தான்," என்றார் தலைவியம்மா, ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு.

"சரிதாங்க," என்று சொல்லிவிட்டு மடிப்பக்கா மிதியடியிலிருந்து இறங்கினாள்.

தரை வழவழவென்று, இதமாக இருந்தது. நடுக்கூடம் வரை நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்றால் அவர்களும் அந்தத் தரையில் ஓட வேண்டும், அதற்கு யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒன்றுமில்லை. விட்டுப்போன அரைச் சுற்றிலிருந்து தொடங்காமல், முதலிலிருந்தே தொடங்கி, ஒரு முழுச் சுற்று சுற்றினாள். வேகமாகவும் இல்லை, அழகாகவும் இல்லை. பாதிச் சுற்றில் கண்ணாடிக்கு அப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் டீச்சர் தெரிந்தாள், துடைப்பானோடு பெரியவர் தெரிந்தார். பிறகு மறுபடியும் மூச்சுக்காரர். அவருக்கு மூச்சு வரவில்லை. மடிப்பக்காவுக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது. சிரித்தேவிட்டாள்.

தரையில் குதிகால் பட்ட இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தடம் விழுந்திருந்தது. அங்குல நாடா கொண்டுவந்து அளந்தார்கள். நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தார்கள். "ஒரு இழுப்பு இழுத்தா போயிடுங்க," என்று பெரியவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று அட்டை வைத்தார்கள். மையத்துக்கு அங்கீகாரம் அன்றே கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. கனமான தாள், உச்சியில் முத்திரை. கணவர் நடுவீட்டில் நின்று படித்தார்.

"'தரைக்கு ஊறு விளைவித்த காரணத்தால் தங்கள் தற்காலிகச் சேர்க்கை ரத்து செய்யப்பட்டு, தாங்கள் இம்மையத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறீர்கள்.' அடப்பாவிகளா! ஒரு சுத்து சுத்தினதுக்கா?"

"இன்னொரு தடவ படிங்க," என்றாள் மடிப்பக்கா.

"எத?"

"அந்தக் கடைசி வரிய."

அவர் மறுபடியும் படித்தார். காது கொஞ்சம் மந்தமான மாமியார் கட்டிலிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "என்னடா, இவள நிரந்தரம் ஆக்கிட்டாங்களா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா," என்றார்.

மடிப்பக்கா கடிதத்தைக் கையில் வாங்கினாள். அவளுடைய முழுப் பெயர், இரண்டு முதலெழுத்துகளோடு, கறுப்பு மையில். பக்கத்திலேயே நிரந்தரம். கீழே கையெழுத்து, அதன்மேல் வட்ட முத்திரை. ஆஸ்பத்திரி பதினான்கு வருடமாகக் கொடுக்காத சொல்லை ஒரு நடன மையம் இரண்டே மாதத்தில் கொடுத்துவிட்டது. அவள் கை தன்னால் தாளின் மூலைகளைத் தேடிப் பிடித்து ஒன்றாகச் சேர்க்கப் போனது.

பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் கதவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை நீட்டிப்புச் சீட்டு நான்காக மடித்தபடி ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, கடிதத்தை மடிக்காமல் அப்படியே ஒட்டிவைத்தாள்.